கூண்டம்மாவின் அக்கா

முதுகுக்குப் பின்னால் எல்லாரும் அவளைக் கூண்டம்மா என்றுதான் சொல்வார்கள். விமானம் ஏறும் வாசலில், மேசைக்குப் பக்கத்தில், இரும்புக் கம்பியால் செய்த கூண்டு ஒன்று நிற்கும். பயணி கையில் கொண்டுபோகிற பை அதற்குள் அடங்கினால் அவர் உள்ளே போகலாம். அடங்காவிட்டால் பை சரக்கு அறைக்குப் போகும், அதற்குத் தனிக் கட்டணம். மற்ற ஊழியர்கள் பாதி நாள் அந்தக் கூண்டைக் கண்டும் காணாததுபோல இருந்துவிடுவார்கள். வரிசை நெருக்கிக்கொண்டு நிற்கும், விமானம் புறப்பட நேரமாகிவிடும், இதில் யார் போய் வாய் கொடுத்து மாட்டிக்கொள்வது? கூண்டம்மா அப்படியில்லை. வரிசை சேர ஆரம்பித்ததுமே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு நடை நடந்து வருவாள். அவள் கண்ணில் பட்ட பை தப்பித்ததாகச் சரித்திரமே கிடையாது.

அவளை ஏமாற்றப் பார்த்தவர்களின் கதைகளுக்குப் பஞ்சமில்லை. பையின் சக்கரங்களைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்த ஒருவர், நடக்கும்போது கலகலவென்று சத்தம் வந்து மாட்டினார். வயிற்றில் ஒரு பையைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கி நின்ற ஓர் இளம்பெண்ணிடம் கூண்டம்மா ரொம்பப் பிரியமாக, "எத்தனை மாசம்மா?" என்று கேட்டாள். "ஏழு" என்றாள் அந்தப் பெண். "உங்க குழந்தைக்கு ஜிப்பு வெளியே தெரியுது, மூடிக்கோங்க" என்றாள் கூண்டம்மா. வரிசையே சிரித்தது. ஓய்வறையில் தேநீர் குடிக்கும்போது அவள் இதையெல்லாம் நடித்துக் காட்டுவாள். பயணியின் குரலையும் நடையையும் அப்படியே கொண்டுவந்து நிறுத்துவாள். பயணச் சீட்டுகளை ஸ்கேன் செய்கிற நெட்டையன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரிப்பான். அவளுக்கு அதில் பெருமைதான். தனக்கும் ஒரு நாள் சிரிப்பு அடைத்துப்போகும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

அந்த வருஷம் அவளுக்குக் கர்ப்பப்பையில் அறுவை சிகிச்சை நடந்தது. புருஷன் சரக்குக் கப்பலில் இயந்திர அறையில் வேலை. அவர் நடுக்கடலில் இருந்தார். மகள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. யாரைக் கூப்பிடுவது என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் வேறு ஊரில் இருந்த அக்கா வந்து இறங்கிவிட்டாள். அக்காவுக்கு ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கிற ஒரு பெரிய லாண்டரியில் வேலை. சம்பளமில்லாத விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

எழுந்து நிற்க முடியாத நாட்களில் அக்காதான் அவளைக் குழந்தையைப்போலக் குளிப்பாட்டினாள். தலை துவட்டிவிட்டாள். கழிப்பறைக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்க் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "விழுந்துடாதேடி, நான் இங்கதான் இருக்கேன்" என்று மூன்று வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். அக்காவுக்கு மெதுவாகப் பேச வராது. இயந்திர இரைச்சலுக்கு நடுவே கத்திக் கத்திப் பேசிப் பழகிய தொண்டை. கூண்டம்மாவுக்கு அது கூச்சமாக இருக்கும். பக்கத்து வீட்டுக்காரி பார்க்க வந்தால், அக்கா சமையலறையிலேயே இருந்துவிட்டால் தேவலை என்று தோன்றும். அப்படித் தோன்றியதும் தன்மேலேயே கோபம் வரும். கோபம் வந்த அன்று அக்காவிடம் எரிந்து விழுவாள்.

உடம்பு தேறி அவள் வேலைக்குப் போகத் தொடங்கியதும் அக்கா கிளம்பத் தயாரானாள். பயணச் சீட்டு எடுத்தது கூண்டம்மாதான். இருந்ததிலேயே மலிவான சீட்டு. அதில் ஒரே ஒரு கைப்பை மட்டும்தான் கொண்டுபோகலாம். பெரிய பையைச் சேர்த்துக்கொள்ளப் போன் திரையில் ஒரு கட்டத்தை அழுத்தினால் போதும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவள் மறந்தேபோனாள். ஊரார் பையெல்லாம் அளக்கிறவள் சொந்த அக்காவின் பையை நினைக்கவில்லை.

அக்கா கட்டிய மூட்டையைப் பார்த்த பிறகுதான் நினைவு வந்தது. வேண்டாம் என்று கூண்டம்மா ஒதுக்கிவைத்திருந்த சாமான்களை எல்லாம் அக்கா எடுத்து அடுக்கியிருந்தாள். மகளுக்குச் சிறிதாகிப்போன ஸ்வெட்டர்கள், சாயம் போன இரவு உடை, குதிகால் தேய்ந்த ஆபீஸ் செருப்பு, ஆடுகிற கைப்பிடியோடு ஒரு வாணலி.

"இதையாக்கா தூக்கிட்டுப் போகப்போற? வேண்டாம், போடு. உனக்குப் புதுசு வாங்கித் தரேன்."

"புதுசு வாங்கிக் குடு, வேண்டாங்கல. இதுக்கு என்ன கேடு? கைப்பிடிதானே ஆடுது, உங்க அத்தான் ஒரு திருகு திருகினா சரியாயிடும். போன்ல சொல்லிட்டேன் அவர்கிட்ட, வாணலி வருதுன்னு."

"பை அளவுக்குள்ள அடங்காதுக்கா. வாசல்ல நிறுத்திடுவாங்க."

"அங்க நீதானே ராணி!"

"உன் விமானம் வேற வாசல். நான் அங்க இருக்க மாட்டேன்."

"அப்ப உன் பேரைச் சொல்றேன். என் தங்கச்சி இங்கதான் வேலை பாக்கறான்னா விடமாட்டாங்களா?"

"என் பேரை மட்டும் சொல்லிடாதே!"

அது வாயிலிருந்து பட்டென்று வந்துவிட்டது. அக்கா கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "இல்லக்கா, ஆபீஸ்ல அதெல்லாம் தப்பா எடுத்துப்பாங்க" என்று கூண்டம்மா சமாளித்தாள். "சரிடி, சொல்லல" என்று அக்கா மறுபடி முடிச்சுப் போட்டாள். பையின் ஜிப்பு மூடாததால் கொடிக்கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தாள்.

மறுநாள் காலையில் கூண்டம்மா முதலில் வேலைக்குப் போய்விட்டாள். அக்கா பின்னால் வாடகை வண்டியில் வருவதாக ஏற்பாடு. போய்ச் சேர்ந்ததும் மேலாளர் அவளைத் தேடிக்கொண்டு வந்தார். அடுத்த வாசலில் நிற்கவேண்டியவளுக்குக் காய்ச்சலாம்; தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மையார் வேலையைப் பார்வையிட வந்திருக்கிறாராம்; "நீங்க அங்க நின்னாத்தான் சரியா இருக்கும்" என்றார். அது அக்காவின் விமானம் கிளம்புகிற வாசல் என்று கூண்டம்மாவுக்கு உடனே தெரிந்தது. சொல்லியிருக்கலாம். உறவுக்காரர்கள் பயணம் செய்தால் அவர்களை இன்னோர் ஊழியரிடம் விட்டுவிடவேண்டும் என்பதே அலுவலக வழக்கம். நெட்டையன் தன் மாமனாரை அவளிடம் தள்ளிவிட்டதுண்டு. அதில் யாரும் குறை கண்டதில்லை. ஆனால் அவள் "சரி சார்" என்று மட்டும் சொன்னாள்.

அந்த அம்மையார் மடிப்புக் கலையாத உடையில், மெல்லிய வாசனையோடு நின்றிருந்தார். "இவங்க கண்ணுல எதுவும் தப்பாது மேடம்" என்று மேலாளர் கூண்டம்மாவைக் காட்டினார். அம்மையார் புன்னகை செய்தார். கூண்டம்மாவுக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி.

வரிசை சேர்ந்தது. அவள் நடந்து பார்த்தாள். வரிசையின் வாலில் அக்கா வந்து நின்றாள்.

பையில் இடமில்லாததால் அக்கா மூன்று கோட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டிருந்தாள். மேலே இருந்தது கூண்டம்மாவின் பழைய கோட்டு. பித்தான் போட வராமல் விரிந்து கிடந்தது. கைகள் உடம்போடு ஒட்டாமல் விறைத்து நிற்க, முகம் வேர்த்து வழிந்தது. கயிறு கட்டிய பையை இரண்டு கையாலும் முன்னால் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் நடந்து வந்தாள். தங்கையைக் கண்டதும் அந்த வேர்த்த முகம் அப்படியே மலர்ந்தது. கை பாதி உயர்ந்தது. அப்புறம் என்னவோ நினைவு வந்தவள்போல உயர்ந்த கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

கூண்டம்மா அதையும் பார்த்தாள்.

"அங்க பாருங்க, கடையையே மாட்டிக்கிட்டு வந்திருக்காங்க" என்று தலைமை அலுவலக அம்மையார் மேலாளரிடம் மெதுவாகச் சொன்னார். மேலாளர் சிரித்தார். நெட்டையனும் எட்டிப் பார்த்துச் சிரித்தான். மூன்று பேரும், அடுத்து என்ன சொல்லப்போகிறாள் என்பதுபோல, கூண்டம்மாவைப் பார்த்தார்கள். யாரும் அவளை எதையும் செய்யச் சொல்லவில்லை. பேசாமல் இருந்திருந்தால் அந்த நிமிஷம் கடந்துபோயிருக்கும். அவள் குரலைக் கொஞ்சம் உயர்த்தி, தன் வழக்கமான வேடிக்கை ராகத்தில், "அந்த மூணு கோட்டுக்காரம்மா, கொஞ்சம் இப்படி வாங்க!" என்றாள்.

வரிசை திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

அக்கா வந்தாள். பையைக் கூண்டின்மேல் வைத்தாள். அது கால்வாசிகூட இறங்கவில்லை. அக்கா இரண்டு கையாலும் அழுத்தினாள். கொடிக்கயிறு கம்பியில் மாட்டிக்கொண்டு வெளியேயும் வராமல் நின்றது. கூண்டம்மா ஒரு கை கொடுத்து அதைப் பிடுங்கி எடுக்கவேண்டியதாயிற்று. அப்போது இருவர் விரல்களும் பட்டன. அக்காவின் விரல் சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறிக் காய்த்துப்போன விரல். ஒரு மாதம் அவள் உடம்பைத் தொட்டுத் துடைத்த கை.

"அளவு கூடுதலா இருக்கும்மா. கட்டணம் கட்டிச் சரக்குல அனுப்பிடலாமா?"

"அவ்வளவு பணம் கையில இல்ல மேடம்" என்றாள் அக்கா. "கொஞ்சம் குறைச்சிடறேன். குறைச்சா விடுவீங்கல்ல?"

அவளைப் பார்த்து அக்கா 'மேடம்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. கொஞ்சமும் கேலியில்லாமல், வேறு எந்தப் பயணியும் சொல்வதுபோலத்தான் சொன்னாள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறாள் என்பது கூண்டம்மாவுக்குப் புரிந்தது. கட்டணத்தைத் தானே கட்டிவிட அவளால் முடியும். வங்கி அட்டை அவள் சட்டைப் பையிலேயே இருந்தது. எடுத்தால் ஏன் எடுத்தாய் என்று கேட்பார்கள். "சீக்கிரம் ஆகட்டும்மா, வரிசை நிக்குது" என்றாள்.

மூன்று கோட்டுகளோடு குனிய முடியாமல் அக்கா தரையில் உட்கார்ந்தாள். கயிற்றின் முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தாள். பை வாய் திறந்ததும் உள்ளே திணித்திருந்ததெல்லாம் வெளியே பிதுங்கியது. ஸ்வெட்டர்கள், பாதி தீர்ந்த முகப் பவுடர் டப்பா, சாயம் போன இரவு உடை. அந்த இரவு உடை கூண்டம்மாவுடையது. ஆபரேஷன் தையலைப் பிரிக்கும் வரைக்கும் படுக்கையில் போட்டுக்கொண்டு கிடந்தது அதைத்தான். பள்ளிக்கூடப் பெயர் தைத்த மகளின் ஸ்வெட்டர் ஒன்று மேலாக விழுந்தபோது அவளுக்குக் காது மடல்கள் கொதித்தன. வீட்டுக் குப்பை அத்தனையும் வாசலில் கொட்டிக் கிடக்கிறது. தன்னுடையது என்று யாருக்கும் தெரியாது. தெரியாது என்பதில் ஓர் ஆறுதல்கூட வந்தது. வந்ததே, அதுதான் அவளுக்கு அப்புறம் பல நாள் தொண்டையில் நின்றது.

"இதுக்கெல்லாமா விமானத்துல வராங்க!" என்றார் அம்மையார்.

வரிசையில் நின்ற ஒரு பெரியவருக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, ஒரு பொம்பளையை இப்படியா தரையில உக்கார வெச்சு மூட்டையைப் பிரிக்கச் சொல்லுவீங்க? நல்லா இருக்கா? உங்க வீட்டுல பெரியவங்களே கிடையாதா?"

பதில் சொன்னது அக்காதான். "அவங்களை ஏன் சார் சொல்றீங்க? அவங்க வேலையைத்தானே பாக்கறாங்க. நான்தான் அளவு தெரியாம அள்ளிக்கிட்டு வந்துட்டேன். தப்பு என்மேல" என்றாள். அந்தக் கத்துகிற குரலில் சொன்னதால் வரிசை முழுக்கக் கேட்டது.

வாணலி, செருப்பு, பவுடர் டப்பா, இரவு உடை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, ஸ்வெட்டர்களை மட்டும் அமுக்கி ஜிப்பை இழுத்தாள். இப்போது பை கூண்டுக்குள் இறங்கியது.

"இதையெல்லாம் எங்க வைக்கட்டும் மேடம்?"

கூண்டம்மா குப்பைத் தொட்டியைக் காட்டினாள். அக்கா ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்ப் போட்டாள். வாணலி அடியில் போய் விழுந்தபோது டங்கென்று சத்தம் கேட்டது. அப்புறம் சீட்டை நீட்டினாள். நெட்டையன் ஸ்கேன் செய்தான். உள்ளே போகிற வழியில் ஒரு கணம் நின்று, அக்கா தாழ்ந்த குரலில், அவளுக்கு வரவே வராத அந்தத் தாழ்ந்த குரலில், "ரொம்ப நேரம் நின்னுக்கிட்டே இருக்காதீங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"பாருங்க, போற போக்குல குத்திட்டுப் போகுது!" என்றான் நெட்டையன். மேலாளர், "விடுங்க, இதெல்லாம் சகஜம்" என்றார். அடிவயிற்றுத் தையலை நினைத்துத்தான் அக்கா சொன்னாள் என்பது அங்கே ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும்.

விமானம் கிளம்பியதும் அவள் குப்பைத் தொட்டியிடம் போனாள். துப்புரவுக்காரர் அதற்குள் புதுப் பை மாட்டிவிட்டிருந்தார். ஓய்வறையில் நெட்டையன், "மேடம், குறைச்சா விடுவீங்கல்ல?" என்று கைகளை விறைத்துக்கொண்டு நடந்து காட்ட, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளிடம் கற்றுக்கொண்ட வித்தைதானே. தேநீர்க் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு அவள் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அழுகை வரவில்லை. கையை மட்டும் கழுவிக் கழுவித் துடைத்தாள்.

சாயங்காலம் அக்காவே போன் செய்தாள். "வந்து சேந்துட்டேன்டி. மாத்திரை போட்டியா? குழந்தை சாப்பிட்டாளா?"

"அக்கா, காலையில..."

"அதை விடு. ராத்திரி மாத்திரையை மறந்துடாதே."

அப்படி விட்டுவிட்டாள். விட்டது நிஜமாகவே விட்டதா, கதவைச் சாத்தியதா என்று கூண்டம்மாவுக்குப் பிடிபடவில்லை. அடுத்த சில வாரங்கள் அவள் கூண்டை மற்றவர்களைப்போலப் பார்த்தும் பாராமலும் இருந்துபார்த்தாள். இருக்கைகளுக்கு மேலுள்ள அறைகளில் பைகளுக்கு இடம் போதாமல் விமானம் தாமதமானது. உள்ளே வேலை செய்கிற பெண்கள் வந்து அவளிடம் சண்டை பிடித்தார்கள். மறுபடி அளக்கத் தொடங்கினாள். ஆனால் வரிசை நடுவில் யாரையும் கூப்பிடுவதில்லை. பக்கத்தில் போய்க் காதோடு சொல்வாள். ஓய்வறையில் நடிப்பதையும் விட்டுவிட்டாள். "என்ன ஆச்சு உங்களுக்கு, ஆபரேஷன்ல சிரிப்பையும் சேத்து எடுத்துட்டாங்களா?" என்று நெட்டையன் கேட்டான்.

மகளுக்குப் பள்ளி விடுமுறை வந்ததும் இருவரும் அக்கா வீட்டுக்குப் போனார்கள். இந்தத் தடவை பெரிய பைக்குப் பணம் கட்டி, அதில் புது வாணலி, புதுக் கோட்டு, அக்காவுக்கு நல்ல செருப்பு எல்லாம் வாங்கி நிறைத்திருந்தாள். அக்கா வாணலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பளபளன்னு இருக்கு" என்று அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். புழங்குகிற பாத்திரங்கள் கீழ்த்தட்டில் இருந்தன.

அத்தான் பஸ் பணிமனையில் மெக்கானிக். பேசினால் நேரே பேசுகிறவர். மதியம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது அவராகவே ஆரம்பித்தார்.

"உங்க அக்கா வாணலி வருது வாணலி வருதுன்னு போன்ல ஒரே பாட்டு. நான் ஸ்க்ரூகூட எடுத்து வெச்சிருந்தேன். வந்து பாத்தா வாணலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. என்னடின்னு துருவித் துருவிக் கேட்டப்புறம்தான் சொன்னா. எவளோ ஒரு ராட்சசி தரையில உக்கார வெச்சு எல்லாத்தையும் பிரிச்சுப் போடச் சொன்னாளாமே? மூணு கோட்டுக்காரின்னு கூப்பிட்டாளாமே? அத்தனை பேர் முன்னாடி?"

கூண்டம்மாவின் கை தட்டிலேயே நின்றது.

"நீ அன்னிக்கு எங்கம்மா இருந்தே? நீ இருந்திருந்தா இப்படி நடந்திருக்குமா?"

"அவ வேற வாசல்ல இருந்தா" என்றாள் அக்கா, தண்ணீர் ஊற்றிக்கொண்டே. "நான்தான் சொன்னேனே."

"அது தெரியும். யாருன்னு விசாரிச்சியாம்மா நீ? உன்கூட வேலை பாக்கறவதானே? அவளுக்கெல்லாம் அக்கா தங்கச்சின்னு யாராவது இருப்பாங்களா?"

இப்போது சொல்லிவிடவேண்டும் என்று அவள் நினைத்தாள். மகள் பெரியப்பாவின் முகத்தையும் அம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்க நிறைய பேர் இருக்காங்க அத்தான்" என்ற தன் குரலைத்தான் அவள் கேட்டாள். "யாரைன்னு கேக்கறது."

"ஆமா, கேட்டா மட்டும் போன மானம் திரும்பி வந்துடுமா" என்று அவர் சோற்றைப் பிசைந்தார். அப்புறம் அவரே, "நீ சாப்பிடும்மா. உன்னைப்போய் எதுக்குக் கேக்கறேன்" என்று இன்னொரு கரண்டி பரிமாறச் சொன்னார்.

அத்தானும் மகளும் கடைத்தெருப் பக்கம் போனதும் அவள் சமையலறைக்குப் போனாள். அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க வந்ததும் நான் சொல்லிடறேன்க்கா."

"என்னன்னு?"

"அது நான்தான்னு."

அக்கா குழாயை மூடினாள். "சொல்லு. சொல்லிட்டு அழுவே. அவர் ரெண்டு நாள் உர்ருன்னு இருப்பார். அப்புறம், போனா போகுதுன்னு மன்னிச்சுடுவார், அவர் அப்படித்தான். உனக்கு நெஞ்சு லேசாயிடும். எனக்கு? என் தங்கச்சி ஏர்போர்ட்டுல வேலை பாக்கறா, யூனிபார்ம் போட்டுக்கிட்டு நிப்பான்னு இந்தத் தெரு பூரா சொல்லி வெச்சிருக்கேன். இனிமே அவர் என்னைப் பாக்கறப்பல்லாம் அய்யோ பாவம்னு பாப்பார். அது எனக்கு வேண்டாம். நீ உன்கிட்டயே வெச்சுக்கோ."

கூண்டம்மா சுவரில் சாய்ந்து நின்றாள். அக்கா ஒரு தட்டைத் தேய்த்து வைத்தாள். இன்னொரு தட்டையும் வைத்தாள். அப்புறம் திரும்பாமலே, "பக்கத்துல பெரிய ஆபீசர் அம்மா நின்னாங்கல்ல? வேலைக்கு ஏதாவது ஆயிடும்னு பயந்துட்டே, அதானே?" என்று கேட்டாள்.

கேட்ட விதத்திலேயே பதிலும் இருந்தது. ஆமாம் என்று சொன்னால் போதும். இரண்டு பேருமே அதைப் பிடித்துக்கொண்டு பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் அத்தானிடம் ஏற்கெனவே ஒரு பொய் சொல்லியாகிவிட்டது. இன்னொன்று அவளுக்கு வரவில்லை.

"இல்லக்கா. வேலைக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. நெட்டையன்கிட்ட சொல்லியிருந்தா அவனே பாத்திருப்பான்."

"பின்னே?"

"வெட்கமா இருந்துது."

"எதுக்கு?"

அக்காவுக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சோப்பு நுரை முழங்கையில் வழிவதைக்கூடத் துடைக்காமல் நின்றாள்.

"என்னைப் பாத்தா?"

"ஆமாக்கா."

அக்கா குழாயைத் திறந்தாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலாக, "நீ பயந்துட்டேன்னுதான் நான் இத்தனை நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள். "அப்படியே நெனச்சுக்கிட்டு இருந்திருப்பேன்டி. அதைச் சொல்லாம இருந்திருக்கலாம் நீ."

மீதி நாட்கள் வீடு வழக்கம்போலத்தான் ஓடியது. அக்கா மகளுக்குத் தலை பின்னிவிட்டாள், சத்தமாகச் சிரித்தாள், கிளம்பும்போது கட்டிக்கொண்டாள். ஆனால் கூண்டம்மா எதையாவது எடுக்கப்போனால், "நீ உக்காரு, நான் பாத்துக்கறேன்" என்று விருந்தாளியிடம் சொல்வதுபோலச் சொன்னாள். அத்தான்தான் ஒவ்வொரு வேளையும் அவளுக்குப் பார்த்துப் பார்த்துப் பரிமாறினார். அந்தப் பிரியம்தான் அவளைச் சுட்டது.

புருஷன் கப்பலிலிருந்து விடுமுறையில் வந்திருந்த சமயம் அக்கா மறுபடியும் அவர்கள் வீட்டுக்கு வந்தாள். சில நாட்கள்தான் இருந்தாள். கூண்டம்மா இந்தத் தடவை சீட்டு எடுக்கும்போதே பெரிய பைக்குச் சேர்த்து எடுத்திருந்தாள். அக்கா அதைப் பயன்படுத்தவே இல்லை. கிளம்பும் அன்று மேலாளரிடம் அந்த வாசலைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டு கூண்டம்மா காத்திருந்தாள். அக்கா தோளில் மாட்டுகிற ஒரு சின்னப் பையோடு, ஒரே கோட்டோடு, முடியை வாரி முடித்துக்கொண்டு வந்து நின்றாள். கூண்டின் பக்கம் அவள் வரவேண்டிய அவசியமே இல்லை.

கூண்டம்மா மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து அக்காவின் கையைப் பிடித்தாள். வரிசைக்கே கேட்கிற மாதிரி, "இது எங்க அக்கா" என்று நெட்டையனிடம் சொன்னாள்.

"அப்படியா! வணக்கம்மா. சொல்லவே இல்லையே நீங்க" என்று நெட்டையன் கைகூப்பினான்.

சொல்லி முடித்த கணமே அவளுக்கு உடம்பு கூசியது. பார்க்க லட்சணமாக, அளவான பையோடு வந்து நிற்கிறவளை அக்கா என்று சொல்வதற்கு என்ன பெரிய மனசு வேண்டும்? இதைச் செய்யவா வாசலைக் கேட்டு வாங்கினேன் என்று நினைத்தாள். அக்காவும் அதையேதான் நினைத்தாளோ என்னவோ, ஒப்புக்குச் சிரித்துக் கையை விடுவித்துக்கொண்டு சீட்டை நீட்டினாள்.

நெட்டையன் சீட்டை வாங்கினவன் அக்காவை உற்றுப் பார்த்தான். "உங்களை எங்கேயோ பாத்திருக்கேனேம்மா?"

"இல்ல தம்பி. இதுதான் முதல் தடவை வரேன்" என்றாள் அக்கா.

"பாத்திருக்கே" என்றாள் கூண்டம்மா. அது யாருக்கும் கேட்கவில்லை, மறுபடி சொன்னாள். "அந்த ஹெட் ஆபீஸ் அம்மா வந்தன்னிக்கு. மூணு கோட்டு மாட்டிக்கிட்டு வந்தாங்களே. தரையில உக்காந்து பையைப் பிரிச்சாங்களே. இவங்கதான்."

நெட்டையன் சிரிக்கப்போனான். வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்தான்போலிருக்கிறது. அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. அன்றைக்கு ஓய்வறையில் தான் ஆடிய ஆட்டமும், அவள் எழுந்துபோனதும் ஞாபகம் வந்திருக்கவேண்டும். முதலில் தரையைப் பார்த்தான். அப்புறம் கூண்டம்மாவைப் பார்த்தான். அந்தப் பார்வையில் அவனுடைய வெட்கம் கொஞ்சம்தான் இருந்தது. மீதி, 'உங்க அக்காவையா?' என்ற கேள்வி. அவன் பார்க்கட்டும் என்று நின்றாள்.

அக்கா இரண்டு பேரையும் பார்த்தாள். அவள் கழுத்துவரை சிவந்திருந்தது. "உனக்கு நேரம் காலமே தெரியாதுடி" என்றாள், பழைய கத்துகிற குரலில். வரிசை திரும்பிப் பார்த்தது. அக்கா சீட்டை நெட்டையன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு விடுவிடுவென்று உள்ளே போய்விட்டாள்.

அது கோபமா, வேறு ஏதாவதா என்று கூண்டம்மாவுக்கு அன்றைக்கும் தெரியவில்லை, அப்புறமும் தெரியவில்லை. நெட்டையன் அடுத்தவர் சீட்டுக்குக் கை நீட்டினான். அவள் வரிசையின் பக்கவாட்டில் நடந்துபோய், பெரிய பையோடு நின்றிருந்த ஒரு மாணவியிடம் குனிந்து, யாருக்கும் கேட்காமல் விஷயத்தைச் சொன்னாள்.